கடலோரத்தில் வேகக்காருக்கு பிரேக் டிஸ்க், பேட் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தான் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையும், பின்னால் இரண்டு கார் நிற்கும் கொட்டகையும் வைத்திருக்கிறேன். ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி, ஐ20 என் லைன், மினி கூப்பர், கீழக்கரை வீடுகளிலிருந்து வரும் பிஎம்டபிள்யூ என்று வேகமான வண்டிகள் எல்லாம் இங்கே வருகின்றன. ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

இங்கே மட்டும் டிஸ்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? மதுரையில் என் தம்பி வண்டிக்கு இரண்டு மடங்கு ஓடுகிறதே?

மதுரையில் டிஸ்க் தேய்கிறது. நம்மூரில் அரிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரேக் டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தட்டு; இருபுறமும் பேட் அழுத்திப் பிடித்துதான் வண்டி நிற்கிறது. அந்தத் தட்டு சாதாரண வார்ப்பிரும்பு. காருக்கு என்ன விலை கொடுத்திருந்தாலும் டிஸ்க் அநேகமாக அதுதான். பெயிண்டும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. பேட் உரசும் முகத்தில் எதையும் பூசி நிறுத்தவும் முடியாது. கடல் காற்றில் வரும் உப்பு அதன்மேல் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே தானாக நீர் கோத்துக்கொள்ளும், மழை வேண்டியதில்லை. நம் கரையில் இரவு நேரத்தில் அந்த அளவு சர்வசாதாரணம். ஆக, வண்டி வாசலில் தூங்கும்போது டிஸ்க் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்கள் எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. துருவைப் பற்றிப் படிக்க ஆட்கள் தேடி வந்த ஊரில் நாம் கார் நிறுத்துகிறோம்.

இணையத்தில் டிஸ்க் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சூட்டைப் பற்றியே எழுதுகிறார்கள். மலை இறக்கம், பந்தயத்தடம், அப்படி. நம் மாவட்டத்தில் ஏறி இறங்குவதற்கு மேடு என்று சொல்லிக்கொள்ள பாம்பன் பாலம்தான் இருக்கிறது. இங்கே முதலில் உப்பைப் பாருங்கள், சூட்டை அப்புறம் பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கில்தான்.

காலையில் டிஸ்க் முழுக்க செம்மண் நிறத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அது மேல்துரு. தெருமுனை போவதற்குள் இரண்டு பிரேக்கில் போய்விடும்.

கவலைப்பட வேண்டியது போகாத துருவுக்கு. சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், முக்கியமாக உள்பக்க முகத்தை. வெளிமுகம் கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கும். உள்முகத்தில் வெளி விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு வளையம் ஓடும். அந்த இடத்தில் பேட் தொடவே இல்லை என்று அர்த்தம். வளையம் உள்ளே வளர வளர, பேட் பிடிக்கும் பரப்பு குறையும். நகத்தால் சுரண்டினால் குழி தட்டுப்பட்டாலும், விளிம்பு செதில் செதிலாக உதிர்ந்தாலும், உள்ளே காற்றுப் போகும் இடுக்குகள் துருவால் அடைபட்டிருந்தாலும், தடிமன் எவ்வளவு இருந்தாலும் சரி, டிஸ்க்கை மாற்றிவிடுவேன்.

தடிமனை எப்படி அளப்பது?

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுத் தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். புதிதில் 25 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 23 என்று போட்டிருப்பார்கள். தேய அனுமதி பெரும்பாலும் இந்த 2 மி.மீ. மட்டும்தான், இரு முகமும் சேர்த்து.

வெர்னியரை வெளியிலிருந்து நேராக வைத்து அளக்காதீர்கள். விளிம்பில் துரு ஒரு வரப்பு கட்டியிருக்கும். நீங்கள் அளப்பது அந்த வரப்பைத்தான். 22 மி.மீ. ஆகிப்போன டிஸ்க் 25 என்று காட்டும், நாமும் சந்தோஷமாக மாட்டிவிடுவோம். மைக்ரோமீட்டரை வரப்பைத் தாண்டி உள்ளே கொண்டுபோய், சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதா டிஸ்க்கா, வரி போட்டதா, துளை போட்டதா? பார்க்க துளை போட்டதுதான் கெத்தாக இருக்கிறது, அண்ணே.

கெத்துக்காக நானும் போட்டவன்தான், தம்பி. என் சொந்த வண்டிக்கு நான்கு சக்கரத்துக்கும் துளை போட்ட டிஸ்க் வாங்கினேன், வெளியூர்க் கடை ஒன்றில். முதல் மாதம் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தனுஷ்கோடிக்கு நாலைந்து தடவை போய் வந்த பிறகு ஒருநாள் பேட் பார்க்கக் கழற்றினேன். துளைகளில் பாதிக்கு மேல் மணலும் உப்பும் பிரேக் தூளும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தன, இட்லித் தட்டின் ஓட்டையில் மாவு காய்ந்த மாதிரி. குச்சியை விட்டுக் குத்தி எடுத்தால் உள்சுவர் முழுக்கத் துரு. ஒரு டிஸ்க்கில் இரண்டு துளைகளுக்கு நடுவே முடி அளவுக்கு ஒரு விரிசல் தொடங்கியிருந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

துளை எதற்கு வந்தது என்றால், பழைய காலப் பேட்கள் சூடாகும்போது வாயுவும் தூளும் வெளியேற வழி வேண்டியிருந்தது. இன்றைய பேட்டுகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. மழையில் தண்ணீரை வழிக்க உதவும் என்பது உண்மை. ஆனால் நம்மூர் மழை எத்தனை நாள்? பதிலுக்கு, ஒவ்வொரு துளையும் துருவுக்கு ஒரு வாசல்.

வரி போட்டது பரவாயில்லை. பேட்டின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும், உப்புப் படலத்தையும் வழிக்கும். கொஞ்சம் சத்தம் வரும், பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயும். வேகமாக ஓட்டுகிறவர் கேட்டால் கொடுப்பேன். மற்றவர்களுக்கு நல்ல தயாரிப்பில் சாதா டிஸ்க் போதும்.

பூச்சு உள்ள டிஸ்க் என்கிறார்களே, அது என்ன?

நம் கரைக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கத் தகுந்த ஒரே விஷயம் என்றால் இதுதான். துத்தநாகமும் அலுமினியமும் பொடிச்செதிலாகக் கலந்த சாம்பல் நிறப் பூச்சு டிஸ்க் முழுவதிலும் இருக்கும். பேட் உரசும் முகத்தில் அது முதல் சில கிலோமீட்டரிலேயே போய்விடும், அதில் தவறில்லை. தொப்பி, வெளி விளிம்பு, காற்று இடுக்கு, ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் உள்பக்கம் ஆகிய இடங்களில் பூச்சு நிற்கும். டிஸ்க் அழுகத் தொடங்குவது அந்த இடங்களிலிருந்துதானே. பிரெம்போ, ஏடிஇ, சிம்மர்மேன் போன்றவர்களிடம் பூச்சுடன் டிஸ்க் உண்டு. எல்லா மாடலுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

‘ஹை கார்பன்’ என்று எழுதியிருப்பது வேறு. அது சூட்டில் விரிசல் விடாமலிருக்கவும் சத்தம் குறையவும். துருவுக்கு அது மருந்தில்லை. கடையில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள்.

கார்பன் செராமிக் டிஸ்க் துருப்பிடிக்காது. அதன் விலைக்கு நல்ல செகண்ட்ஹேண்ட் கார் ஒன்று வாங்கலாம் என்பதால் அடுத்த கேள்விக்குப் போவோம்.

எந்த பேட் வாங்குவது? பந்தய பேட் போட்டால் நன்றாகப் பிடிக்குமா?

பந்தய பேட் சூடானால்தான் பிடிக்கும். காலை ஐந்தரை மணிக்கு உச்சிப்புளியில் மாடு குறுக்கே வரும்போது உங்கள் டிஸ்க் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருக்கும். அந்த முதல் மிதியில் பிடிக்க வேண்டும். நம் சமதளச் சாலையில் அந்த பேட் தன் சூட்டை எட்டவே எட்டாது. டிஸ்க்கை மட்டும் தின்றுகொண்டிருக்கும்.

சாலையில் ஓட்ட மூன்று வகை. உலோகம் இல்லாத கரிமப் பேட்: மென்மை, சத்தமில்லை, சூடானால் சறுக்கும். பாதி உலோகப் பேட்: பிடி நன்று, சூடும் தாங்கும். ஆனால் அதிலிருந்து விழும் தூளில் இரும்பு இருக்கிறது. அந்தத் தூள் அலாய் வீலில் படிந்து, உப்பு ஈரத்தில் துருப்பிடித்து, கழுவினாலும் போகாத பழுப்புப் புள்ளியாக நிற்கும். செராமிக் பேட்: தூள் குறைவு, டிஸ்க்குக்கும் இதம், முதல் மிதியின் கடி சற்று மென்மை. அன்றாடம் ராமநாதபுரம், ராமேஸ்வரம், சாயல்குடி என்று சுற்றுகிறவருக்குச் செராமிக்கே என் தேர்வு. மாதம் ஒருமுறை கொடைக்கானல் போகிறவர் கம்பெனி தரத்திலான பாதி உலோகமோ, வேகச் சாலைக்கென்று செய்த பேட்டோ போடலாம். கோயம்புத்தூர் கரி பந்தயத்தடத்துக்கோ சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கோ ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதற்குத் தனியாக ஒரு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாட்டுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே பேட் என்று விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பேட்டின் முதுகுத் தகட்டில் சிறிதாக இரண்டு எழுத்து இருக்கும்: ஈஈ, எஃப்எஃப், ஜிஜி இப்படி. முதல் எழுத்து சாதாரண நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூடான பிறகு. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலெழுத்தைவிட இறங்கியிருந்தால் சூட்டில் பிடி குறையும் என்று பொருள். எஃப்எஃப் நம் தேவைக்குப் போதும். பேட் எத்தனை நாள் உழைக்கும், கீச்சிடுமா என்பதையெல்லாம் அந்த எழுத்து சொல்லாது. ஐரோப்பிய 90ஆர் முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. கம்பெனிப் பேட்டின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதி.

எல்லோரும் விட்டுவிடும் ஒன்று: முதுகுத் தகட்டைப் பாருங்கள். பெயிண்ட் மெல்லியதாக இருந்தால் உப்பு தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் நடுவே புகுந்துவிடும். துரு உப்பும், பேட் தகட்டை விட்டுப் பிரியும். பாதிகூடத் தேயாத பேட், பிஸ்கட் உடைவதுபோல் கையோடு வந்ததை நான் எடுத்திருக்கிறேன். முலாம் பூசிய தகடு கிடைத்தால் விடாதீர்கள்.

பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர் (பேட்டை அழுத்தும் பிடி) போட்டால் சீக்கிரம் நிற்குமா?

ஒரு சோதனை. ஆளில்லாத நேரான சாலையில் வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலில் தடதடத்தால், பிரேக்கின் பலம் ஏற்கெனவே டயரின் பிடிப்பைத் தாண்டிவிட்டது. இனி டயர் மாற்றினால்தான் தூரம் குறையும்.

பெரிய டிஸ்க் தருவது சூடு தாங்கும் கொள்ளளவு. 1,500 கிலோ கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறக்குறைய 580 கிலோஜூல் ஆற்றல் பிரேக்கில் சூடாகிறது. முன்சக்கரங்கள் அதில் 70 சதவீதம் ஏற்றால், ஒன்பது கிலோ எடையுள்ள இரண்டு டிஸ்க்கும் சுமார் 50 டிகிரி ஏறும். அடுத்த நிறுத்தத்துக்குள் ஆறிவிடும். 140 வேகத்திலிருந்து நின்றால் ஆற்றல் இரண்டு மடங்கு. கொடைக்கானல் இறக்கத்தை எடுத்துக்கொண்டால் 1,800 மீட்டர் இறங்குவதற்குள் அதே கார் 26 மெகாஜூலுக்கு மேல் இழக்க வேண்டும், அதாவது 100 வேகத்திலிருந்து நாற்பத்தைந்து முறை நிற்பதற்குச் சமம். அதனால்தான் அங்கே கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுகிறோம்.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வண்டியோடு வந்த அளவே போதும்.

என் மாடலுக்கு இணையத்தில் நான்கு அளவு டிஸ்க் காட்டுகிறது. எது என்னுடையது?

ஒரே மாடலில் இன்ஜினுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று டிஸ்க் மாறும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி வண்டிகளில் டிக்கியில் ஸ்டெப்னி குழியிலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள மூன்றெழுத்துக் குறிகளில் ஒன்று முன் பிரேக்குக்கு, ஒன்று பின் பிரேக்குக்கு. மற்ற வண்டிகளுக்கு சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகத்தின் எண்ணை வாங்குங்கள். ஆனாலும் பழைய டிஸ்க்கின் விட்டம், உயரம், போல்ட் துளை மூன்றையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் என்ன மாற்றினாரோ!

பேட் மட்டும் மாற்றினால் போதாதா?

டிஸ்க் தடிமன் தாராளமாக இருந்து, முகம் சமமாக இருந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள்; ஒரு அச்சின் இரு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான். லேத்தில் கொடுத்துக் கடைந்தால் துருக்குழி போய்விடுமே என்பார்கள். கடைந்த பிறகும் குறைந்தபட்சத்துக்கு மேல் இருந்தால் சரி. நம்மூர் டிஸ்க்கில் குழி போகும்வரை கடைந்தால் பெரும்பாலும் மிச்சமிருக்காது.

புது டிஸ்க் போட்டும் 90 வேகத்தில் ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க் கோளாறா?

பத்தில் எட்டு பேர் டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். நான் முதலில் ஹப்பைப் பார்ப்பேன்.

மண்டபத்திலிருந்து வந்த ஒரு வண்டி நினைவிருக்கிறது. டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. துருநீக்கி அடித்து, டிஸ்க்கிலேயே இருக்கும் மரைத்துளைகளில் எட்டு மி.மீ. போல்ட்டை மாறி மாறி முறுக்க, ‘டக்’ என்று ஒரு சத்தம், கூடவே தரையில் ஒரு கைப்பிடி துருச்செதில். ஹப் முகம் மீன் செதில் மாதிரி இருந்தது. இதற்கு முன் மாற்றியவர் அதன்மேலேயே புது டிஸ்க்கை வைத்துப் போல்ட்டை இறுக்கியிருக்கிறார். மதுரை - பரமக்குடி நான்குவழிச் சாலையில் வேகமெடுத்தால் வண்டி ஆடாமல் என்ன செய்யும்?

கணக்கு எளிது. 140 மி.மீ. விட்டமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. செதில் ஒன்று மாட்டிக்கொண்டால், 300 மி.மீ. டிஸ்க்கின் ஓரம் 0.1 மி.மீ. ஆடும். பல கம்பெனிகள் அனுமதிக்கும் எல்லையே அந்த அளவுக்குள்தான். அதனால் வயர் பிரஷ், உப்புத்தாள் போட்டு ஹப் முகம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்து, அதன் பிறகே கேலிப்பர். அரைமணி நேரம் கூடும். அந்த அரைமணிக்குக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

கேலிப்பர் நகர்ந்துகொடுக்கும் ஸ்லைடர் பின்னையும் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். அது இறுகினால் உள்பக்க பேட் காலியாகும், வெளிப்பக்கம் புதிதாகவே இருக்கும். பிரேக்குக்கென்று உள்ள சிலிகான் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். பேரிங் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். பேட் உட்காரும் ஸ்டீல் கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். பின்சக்கரத்தில் எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தால், ஸ்கேனர் இணைத்து சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைத் தள்ளக் கூடாது. கிளாம்ப் போட்டு அமுக்கி மோட்டாரை உடைத்தவர்கள் உண்டு.

பிரேக் ஆயில்?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், டிஸ்க் மாற்றாவிட்டாலும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 தர ஆயிலின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச வரம்பு புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155. டாட் 5.1 எடுத்தால் 260, 180. மலையில் ஆயில் கொதித்துப் பெடல் பஞ்சுபோல் உள்ளே போவது இதனால்தான். டாட் 5 என்பது சிலிகான், வேறு ஜாதி, 5.1 என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். கார் கீழக்கரை வீட்டில் எட்டு மாதம் நிற்கும். என்ன செய்ய?

ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போங்கள். போட்டு வைத்தால் பேட்டும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்து கிளப்பும்போது பேட்டின் அச்சு அப்படியே டிஸ்க்கில் பதிந்திருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் ‘தட் தட்’ என்று இடிக்கும்.

நிறுத்துவதற்கு முன் கழுவினால், ஈரத்தோடு விடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிக் காயவைத்து நிறுத்துங்கள். மச்சானோ மாமாவோ பத்து நாளைக்கு ஒருமுறை ஓட்டினால் நல்லது. கிளப்பி ஐந்து நிமிடம் வைத்து அணைப்பது டிஸ்க்குக்கு ஒரு பயனும் தராது. சாலையில் இறக்கி நாலு தடவை நன்றாக பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். கடல் பார்த்த வாசலைவிட வீட்டின் பின்பக்கம், சுவர் மறைவில் நிறுத்துவது மேல். கடல் காற்று நேரே அடிக்காது.

தனுஷ்கோடி போய் வந்தால் கழுவ வேண்டுமா?

கட்டாயம். அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்த பிறகு, இருபுறமும் கடல் தெளிக்கும் காற்றில்தான் போய் வருகிறோம். ஆனால் எந்தத் தண்ணீர்? நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடத்தில் உப்புதானே. அதில் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பது. காவிரித் தண்ணீர் குடிக்க வைத்திருப்பார்கள், அதைக் காருக்கு ஊற்றினால் வீட்டில் அடி விழும். கைப்பம்ப் ஸ்பிரேயர் ஒன்று புதிதாக வாங்கி, இரண்டு மூன்று லிட்டர் நல்ல தண்ணீர் போட்டுச் சக்கர இடுக்கு வழியாக டிஸ்க்குக்கும் கேலிப்பருக்கும் அடித்தால் போதும். டிஸ்க் ஆறிய பிறகு. அப்புறம் சிறிது தூரம் ஓட்டிக் காயவையுங்கள்.

மணலில் இறக்கி அலையில் ஓட்டி வீடியோ எடுத்தவர்கள் நேராகக் கொட்டகைக்கு வரவும். ஸ்பிரேயர் வேலைக்காகாது.

புதிதாக மாட்டியதும் எப்படி ஓட்டுவது?

பேட் பெட்டியில் எழுதியிருந்தால் அதன்படி. இல்லையென்றால், பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிவதற்காக விடியற்காலையில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டிச் சாலையில் நான் செய்வது இது: 60 வேகத்திலிருந்து 15 வரை மிதமாக மிதித்து, நிற்காமல் திரும்ப வேகமெடுத்து, எட்டு பத்து தடவை. பிறகு 80-லிருந்து சற்று அழுத்தி நான்கைந்து தடவை. லேசாகக் கருகிய வாசனை வரும், பயப்பட வேண்டாம். முடித்ததும் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மிதித்தபடியே நின்றால் பேட் பொருள் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். பாம்பன் பாலத்தில் இதைச் செய்யாதீர்கள், செல்ஃபி எடுக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்று தெரியாது.

எலெக்ட்ரிக் காருக்கும் இதே கதையா?

இன்னும் மோசம். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க்குக்கு வேலை இல்லை, துரு உரசிப் போவதில்லை. ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 காரில் பின்னால் டிரம் வைத்ததைப் பழமை என்று சிரித்தார்கள். நம் கரையில் எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

இரும்புக்கடையில் எடைக்குப் போடலாம். நான் கழற்றி வைத்த துளை போட்ட டிஸ்க் நான்கும் கொட்டகை மூலையில் வெகுநாள் கிடந்தன. பாம்பனிலிருந்து டெம்போவுக்குப் பேட் வாங்க வந்த ஒரு மீனவ அண்ணன் பார்த்துவிட்டு, வல்லத்துக்கு நங்கூரக் கல்லுக்குப் பதிலாகக் கட்டிக்கொள்கிறேன் என்று இரண்டைக் கேட்டு வாங்கிப் போனார். பக்கத்தில் சாதா டிஸ்க்கும் கிடந்ததே என்றேன். “இதுலதான் கயிறு கோக்க ஓட்டை இருக்கு” என்றார்.